செப்சிஸ் மருந்துகள்: எலியிடம் வென்று நோயாளியிடம் தோற்பது ஏன்?

‘செப்சிஸுக்குப் புதிய மருந்து, எலிகளில் வெற்றி’ என்ற தலைப்பு மருத்துவச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும். ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய நம்பிக்கை. ஆனால் கடந்த 40 ஆண்டுகளில் எலிகளைப் பிழைக்க வைத்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதச் சோதனைக்கு வந்து தோற்றிருக்கின்றன. சில மருந்துகள் நோயாளிகளின் இறப்பைக் கூட்டியும் இருக்கின்றன. அப்படியென்றால் விலங்குச் சோதனையே வீணா? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், செப்சிஸ் என்றால் என்ன, ஆய்வகத்தில் அதை ஒரு எலிக்கு எப்படி வரவழைக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செப்சிஸ் என்பது எது?

புண்ணில் சீழ் வைத்தாலே ‘செப்டிக் ஆயிடுச்சு’ என்று சொல்வது நம் வழக்கம். மருத்துவர்கள் சொல்லும் செப்சிஸ் வேறு. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ வயிற்றிலோ தொடங்கிய கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை தறிகெட்டுப் போய், தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்து உயிருக்கு ஆபத்தாக முடியும் நிலைதான் செப்சிஸ். 2016-ல் வெளியான சர்வதேச வரையறையின் சாரம் இது. இரத்த நாளங்கள் தளர்ந்து கசிகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது, நுண்ணிய நாளங்களில் இரத்தம் உறைகிறது, சிறுநீரகம் ஓய்கிறது. திரவம் ஏற்றியும் அழுத்தம் நிற்காமல் மருந்தால் தாங்க வேண்டிய கட்டம் வந்தால் அது செப்டிக் ஷாக்.

2017-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கு 2020-ல் வெளிவந்தது. அதன்படி ஓராண்டில் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். அதாவது உலகில் நடந்த இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்கிறது. குளுக்கோஸ் பாட்டில் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சலைன், நார்அட்ரினலின், வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஷாக் தீராதபோது ஸ்டீராய்டும் தருகிறார்கள். ஆனால் தறிகெட்ட அந்த எதிர்வினையைத் திருத்தவென்றே உருவாக்கி, உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. விலங்கு ஆய்வுகள் தேடிக்கொண்டிருப்பது அந்த மருந்தைத்தான்.

விலங்கு எதற்கு?

நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது தொற்று தொடங்கிப் பல மணி நேரமோ பல நாட்களோ ஆகியிருக்கும். முதல் மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்த்ததில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களுக்கு இரத்த அழுத்தம் கிடையாது, சிறுநீரகமும் கிடையாது. ஒரு உறுப்பு விழும்போது இன்னொன்று எப்படி இழுபடுகிறது என்று காண முழு உடல் வேண்டும். அதனால்தான் ஒரு விலங்குக்கு அந்த நோயை, அல்லது அதன் சாயலை வரவழைத்து ஆராய்கிறார்கள். இதற்குத்தான் விலங்கு மாதிரி என்று பெயர். ‘சாயல்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

எலிக்கு செப்சிஸ் வரவழைக்கும் வழிகள்

1. எண்டோடாக்சின் ஊசி. ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள நச்சு இது. அதை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போடுவார்கள். செய்வது சுலபம், அளவும் துல்லியம். ஆனால் உயிருள்ள கிருமி இல்லை, தொற்றும் இல்லை. அழற்சி, அதாவது கிருமிக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் வீக்க எதிர்வினை (இன்ஃப்ளமேஷன்), ஒரே பாய்ச்சலில் ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், எலியின் தாங்கும் சக்தி. ஆய்வுக்கு முன்வரும் ஆரோக்கியமான மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொடுத்தாலே காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்துவிடும். எலியைக் கொல்லவோ கிலோவுக்குப் பல மில்லிகிராம் வேண்டும். ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம். ஆய்வகப் பணியாளர் ஒருவர் தன் கட்டிக்கு மருந்தென்று நினைத்து ஒரே ஒரு மில்லிகிராம் எண்டோடாக்சினைத் தனக்கே செலுத்திக்கொண்டு கடும் ஷாக்கில் விழுந்தார். தீவிர சிகிச்சையில் பிழைத்தார். 1993-ல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது.

2. கிருமியையே நேரடியாக இரத்தத்திலோ வயிற்றிலோ செலுத்துவது. இங்கே உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் போகிறது. இயல்பான தொற்று அப்படி வருவதில்லை.

3. குடல் முனையைக் கட்டித் துளைப்பது. சுருக்கமாக சிஎல்பி. 1980-ல் முன்வைக்கப்பட்ட இந்த முறைதான் நெடுங்காலமாக உரைகல்லாக இருக்கிறது.

சிஎல்பியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சுமார் 25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு கீறல் போடுகிறார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சீக்கம் என்ற பை இருக்கிறது. மனிதருக்குக் குடல்வால் ஒட்டியிருக்கும் இடம் அது. எலிக்கு உடம்பு அளவுக்குப் பார்த்தால் மிகப் பெரியது. அந்தப் பையின் நுனிப் பகுதியை நூலால் கட்டி, ஊசியால் துளைத்து, லேசாக அழுத்தி ஒரு பொட்டு மலத்தை வெளியே கொண்டுவந்து, திரும்ப உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். நீர்ச்சத்து குறையாமல் இருக்க, தோலுக்கடியில் கொஞ்சம் சலைன். சில மணி நேரத்தில் எலி கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு ஒடுங்கும். ரோமம் சிலிர்த்து நிற்கும், கண் பாதி மூடியிருக்கும், தொட்டாலும் நகராது. இந்த அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுத்தான் நோயின் தீவிரத்தைக் கணிக்கிறார்கள்.

குடல்வால் வெடித்த நோயாளியின் நிலைக்கு இது நிஜமாகவே நெருக்கமானது. பலவகைக் கிருமிகள், அழுகிய திசு, மெல்லப் பரவும் தொற்று என எல்லாம் இருக்கின்றன. ஆனால் கட்டும் நீளம் கொஞ்சம் கூடினாலோ ஊசி ஒரு அளவு தடித்தாலோ இறப்பு விகிதம் மாறிவிடும். ஒரே ஆய்வகத்தில் இரண்டு கைகள் செய்தால் இரண்டு விதமாக வரும். அப்புறம் இன்னொன்று: மனித நோயாளிக்கு அறுவை மருத்துவர் அந்த அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிடுவார். எலிக்கு பெரும்பாலும் அது உள்ளேயே கிடக்கும்.

டிஎன்எஃப்: எல்லாத் தவறும் சேர்ந்த ஒரு கதை

அழற்சியை மூட்டிவிடும் புரதங்களில் ஒன்று டிஎன்எஃப். 1985-ல் அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் புரூஸ் பாய்ட்லரும் சக ஆய்வாளர்களும், டிஎன்எஃபை முடக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொடுத்த சுண்டெலிகள் எண்டோடாக்சினிலிருந்து தப்பிப்பதைக் காட்டினார்கள். 1987-ல் பபூன் குரங்குகளிலும் அதே வெற்றி. இரத்தத்தில் ஈ. கோலை ஏற்றப்பட்ட குரங்குகள் பிழைத்தன.

ஆனால் அந்தக் குரங்கு ஆய்வில் ஒரு விவரம் உண்டு. பாக்டீரியாவை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எதிர்ப்பொருள் கொடுத்தபோது ஷாக் வரவில்லை, ஆனாலும் உறுப்புகள் பழுதாயின. இரண்டு மணி நேரம் முன்பு கொடுத்தபோதுதான் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. மருந்து முன்னால், கிருமி பின்னால். எந்த நோயாளியும் தனக்கு செப்சிஸ் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மருத்துவமனைக்கு வருவதில்லை.

சிஎல்பி எலிகள் வேறு கதை சொல்லின. டிஎன்எஃபை முடக்கினால் அந்த எலிகள் மீள முடியவில்லை என்று 1990-லும், எதிர்ப்பொருள் இறப்பைத் தடுக்கவில்லை என்று 1992-லும் ஆய்வுகள் வந்தன. காரணம் புரியக்கூடியதே. எண்டோடாக்சின் ஊசியில் கொல்ல வேண்டிய கிருமி இல்லை. எதிர்வினை மட்டும்தான் ஆபத்து. உண்மையான தொற்றில் கிருமியை அடக்க அதே டிஎன்எஃப் தேவை.

ஆனாலும் மனிதச் சோதனைகள் நடந்தன. 1996-ல் வெளியான ஒன்றில் செப்டிக் ஷாக் நோயாளிகள் 141 பேருக்கு, டிஎன்எஃபைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து மூன்று அளவுகளில் சோதிக்கப்பட்டது. மருந்து பெறாத குழுவில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள், குறைந்த அளவில் 30, நடு அளவில் 48, அதிக அளவில் 53. அளவு ஏற ஏற இறப்பும் ஏறியது. இதே மருந்துதான் எட்டானெர்செப்ட் என்ற பெயரில் 1998-ல் முடக்குவாதத்துக்கு அங்கீகாரம் பெற்று இன்று ஏராளமானோருக்கு உதவுகிறது. மருந்து கெட்டதல்ல, கொடுத்த இடம் தவறு. அந்தத் தவறை முன்கூட்டியே காட்டும் எலிகள் ஆய்வுத் தாள்களில் ஏற்கெனவே இருந்தன. அவற்றை எடுத்துப் பார்த்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு மருந்துகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி 1987-ல் பபூன்களைக் காப்பாற்றியது. 2001-ல் 1,690 நோயாளிகளில் இறப்பை 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைத்ததாகக் காட்டி, ஸைக்ரிஸ் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. மறுசோதனையில் மருந்துக் குழுவில் 26.4, மற்றதில் 24.2 என்று வந்ததால் 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியை அடைக்கும் எரிட்டோரான், 2013-ல் வெளியான சோதனையில் ஏறக்குறைய 2,000 நோயாளிகளில் எந்தப் பலனும் தரவில்லை.

அந்த ஏற்பியைக் கண்டுபிடிக்க உதவியதும் எலிதான். எண்டோடாக்சின் கொடுத்தாலும் அசையாத ஒரு எலி இனத்தில் குறையுள்ள மரபணுவை 1998-ல் பாய்ட்லர் குழு அடையாளம் கண்டது. 2011-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எண்டோடாக்சினுக்கு அசையாத அந்த எலிகள் சால்மொனெல்லா தொற்றில் எளிதாகச் செத்துப்போகும். நச்சை உணராதவனுக்கு நச்சு வலிக்காது, கிருமியும் தெரியாது. எரிட்டோரான் தோற்றதற்கு ஒரு காரணம் அங்கேயே தெரிகிறது என்பது என் கணிப்பு.

எலிக்கும் நோயாளிக்கும் இடையே என்னென்ன?

1. வயது. வழக்கமான ஆய்வக எலிக்கு வயது இரண்டு, மூன்று மாதம். மனிதக் கணக்கில் வாலிபப் பருவம், வேறு நோயும் இல்லை. பெரும்பாலும் ஆண். ஐசியுவில் படுத்திருப்பவரோ பெரும்பாலும் முதியவர். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கும்.

2. சிகிச்சை. பல எலி ஆய்வுகளில் ஆன்டிபயாடிக் கூடக் கொடுப்பதில்லை. மனித நோயாளிக்கு அது முதல் மணி நேரத்திலேயே போகும். சிகிச்சையே இல்லாத எலியைப் பிழைக்க வைக்கும் மருந்து, எல்லாச் சிகிச்சையும் பெறும் நோயாளிக்குக் கூடுதலாக என்ன செய்யும் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

3. இரத்தமும் சூடும். மனித வெள்ளையணுக்களில் 50 முதல் 70 சதவீதம் நியூட்ரோபில். எலிக்கு 10 முதல் 25 சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு லிம்போசைட். செப்சிஸில் மனிதருக்குப் பொதுவாகக் காய்ச்சல் அடிக்கும், எலியின் உடல் குளிர்ந்துபோகும். ஆய்வக அறை நமக்கு இதமான 22 டிகிரி அளவில் இருக்கும். எலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. அதாவது அது எப்போதுமே கொஞ்சம் குளிரில்தான் வாழ்கிறது.

4. இறப்பு விகிதம். இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை, ஆனால் மிக முக்கியம். அழற்சியை அடக்கும் மருந்துகளின் விலங்கு ஆய்வுகளையும் மனிதச் சோதனைகளையும் சேர்த்து 2002-ல் ஒரு கணக்கு போட்டார்கள். மருந்து பெறாத விலங்குகளில் இடைநிலை (மீடியன்) இறப்பு 88 சதவீதம், மனிதர்களில் 39. சாகும் ஆபத்து எவ்வளவு அதிகமோ, மருந்தின் பலனும் அவ்வளவு அதிகம். ஆபத்து குறைந்தால் பலன் மறைந்து தீங்காகவும் மாறலாம் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லாம் சாகும் கூண்டில் கிடைத்த பலனை, பாதிக்கும் மேல் பிழைக்கும் வார்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

ஒரே தரவு, இரண்டு முடிவு

2013-ல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் பெரிய அதிர்வு. தீக்காயம், விபத்துக் காயம், எண்டோடாக்சின் ஆகிய மூன்று நிலைகளில் மனிதர்களின் மரபணுச் செயல்பாட்டையும் சுண்டெலிகளின் செயல்பாட்டையும் ஒப்பிட்டவர்கள், இரண்டுக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் அதே தரவை எடுத்து, இரண்டும் வெகுவாக ஒத்துப்போகின்றன என்று அதே இதழில் எழுதினார்கள்.

இது எப்படி முடியும்? கேள்வி வேறு. முதல் குழு, மனிதரில் மாறிய மரபணுக்கள் எலியிலும் மாறினவா என்று கேட்டது. இரண்டாவது குழு, இருவரிலும் மாறிய மரபணுக்களை மட்டும் எடுத்து, அவை ஒரே திசையில் மாறினவா என்று கேட்டது. இரண்டு கணக்கும் செல்லுபடியாகும். ஆனால் மருந்து தேடுபவருக்கு முதல் கேள்விதான் அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதரில் நடப்பது எலியில் நடக்கவே இல்லையென்றால் அந்த மருந்தை எலியில் சோதித்து என்ன தெரியும்? 2019-ல் அமெரிக்காவின் தேசிய பொது மருத்துவ அறிவியல் நிறுவனமும், செப்சிஸ் ஆய்வுக்கான நிதியில் நோயாளிகளின் மாதிரிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது.

எலி ரொம்பச் சுத்தமாக இருந்தால்?

சிக்கல் எலியில் இல்லை, எலி வாழும் இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. ஆய்வக எலி கிருமி நுழையாத கூண்டில் பிறந்து, சுத்திகரித்த தீவனம் தின்று, ஒரு சளிகூடப் பிடிக்காமல் வளர்கிறது. 2016-ல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்த ஆய்வு, அதன் எதிர்ப்பாற்றல் வளர்ந்த மனிதருடையதைவிடப் பச்சைக் குழந்தையுடையதை ஒத்திருப்பதாகக் காட்டியது. வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கிய எலிகளோடு ஒரே கூண்டில் விட்டபோது, பிழைத்த ஆய்வக எலிகளின் எதிர்ப்பாற்றல் வளர்ந்தவர்களுடையதைப் போல மாறியது.

2019-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட நேரடியானது. ஆய்வக எலியின் கருவைக் காட்டெலித் தாயின் வயிற்றில் வைத்துப் பிறக்க வைத்தார்கள். மரபணு ஆய்வக எலியுடையது, குடல் நுண்ணுயிர்கள் காட்டெலியுடையவை. டிஎன்எஃபை முடக்கும் மருந்து எண்டோடாக்சின் கொடுத்த சாதாரண ஆய்வக எலிகளைக் காப்பாற்றியது, இந்த எலிகளைக் காப்பாற்றவில்லை. மனிதர்களில் நடந்ததும் அதுவே. 2006-ல் லண்டனில், எதிர்ப்பாற்றல் செல்களைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாகப் பெற்ற ஆறு தன்னார்வலர்கள் அழற்சிப் புயலில் சிக்கி ஐசியுவுக்குப் போனார்கள். அதே வகை மருந்துக்கு ஆய்வக எலிகள் அமைதியாக இருக்க, காட்டெலி வயிற்றில் பிறந்தவை எச்சரிக்கை காட்டின.

பெரிய விலங்குகள்

ஆடு, பன்றி, நாய் போன்றவற்றுக்கு ஐசியுவில் தருவதுபோலவே சலைனும் அழுத்த மருந்தும் ஏற்ற முடியும், மணிக்கணக்காகக் கண்காணிக்க முடியும். செப்சிஸில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்து மீள்வது நோயாளிகளில் காணப்பட்டது. நாய்களிலும் அதேபோல் நடந்தது. செப்சிஸில் சிறுநீரகம் இரத்த ஓட்டம் குறைந்துதான் பழுதாகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளில் அளந்து பார்த்தபோது, ஓட்டம் கூடியிருந்தும் வடிகட்டல் குறைந்தது. பாடப்புத்தக விளக்கத்தையே ஆட்டங்காண வைத்த அளவீடு அது. ஆனால் செலவு அதிகம், எண்ணிக்கை குறைவு. பத்துப் பன்னிரண்டு ஆடுகளை வைத்து இறப்பு விகிதம் பேச முடியாது.

வியன்னாவில் போட்ட விதிகள்

2017 மே மாதம் வியன்னாவில் கூடிய செப்சிஸ் ஆய்வாளர்கள், விலங்கு ஆய்வுக்குக் குறைந்தபட்சத் தர விதிகளை வகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: மருந்தை நோய் தொடங்கிய பிறகு கொடு, ஆன்டிபயாடிக்கும் திரவமும் சேர்த்துக் கொடு, எண்டோடாக்சின் ஊசியை செப்சிஸ் என்று சொல்லாதே, எந்த எலிக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய், வயது, பால், கூட இருக்கும் நோய் ஆகியவற்றைக் கணக்கில் எடு, வலி மருந்து கொடு.

கடைசி விதியைப் பற்றி ஒரு வார்த்தை. வலி மருந்து எதிர்ப்பாற்றலை மாற்றிவிடும் என்று சொல்லி அதைத் தவிர்த்த ஆய்வுகள் நிறைய. ஆனால் ஐசியு நோயாளிக்கு வலி மருந்து போகிறதே! வயிறு கிழித்துத் தைத்த உயிரை வலியோடு விடுவது அந்த விலங்குக்குக் கொடுமை, ஆய்வையும் நோயாளியிடமிருந்து இன்னும் தள்ளி வைக்கிறது. சாகும் வரை காத்திருக்காமல், மீளாது என்று தெரிந்ததும் வலியின்றி முடித்துவிட வேண்டும் என்பதும் அந்த விதிகளோடு சேர்ந்ததே.

‘எலிகளில் வெற்றி’ என்ற செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவையும் இவைதான். மருந்து எப்போது கொடுக்கப்பட்டது? எண்டோடாக்சினா, உண்மைத் தொற்றா? ஆன்டிபயாடிக் கூட இருந்ததா? எலிக்கு என்ன வயது? இவற்றுக்குப் பதில் செய்தியில் இல்லையென்றால் அந்த மருந்து நோயாளியின் படுக்கையை எட்ட இன்னும் வெகு தூரம் இருக்கிறது.

எலி சரியாகச் சொன்ன ஒன்று

சிஎல்பி எலிகளில் லிம்போசைட்டுகள் கூட்டம் கூட்டமாகத் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்வது 1990-களில் தெரியவந்தது. அதாவது எதிர்ப்பாற்றல் பொங்குவது ஒருபுறம் இருக்க, அது படுத்துவிடுவதும் நடக்கிறது. இது எலியில் மட்டும்தானா என்று பார்க்க, செப்சிஸில் இறந்தவர்களின் மண்ணீரலை, இறந்து 30 முதல் 180 நிமிடத்துக்குள் எடுத்து ஆராய்ந்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில் 40 பேர். செல்கள் ஓய்ந்துபோய்க் கிடந்தன. எலி சொன்னது மனிதரிலும் நின்றது.

அடுத்து, லிம்போசைட்டுகளைப் பெருக்கும் இன்டர்லூகின்-7 சிஎல்பி எலிகளில் உயிர்பிழைப்பைக் கூட்டியது. பிறகு லிம்போசைட் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்த 27 செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வந்தது. மருந்து பெற்றவர்களிடம் எண்ணிக்கை மூன்று, நான்கு மடங்கு உயர்ந்தது, அழற்சி தூண்டப்படவில்லை. இந்த முறை நோயாளிகளை எடுத்துக்கொண்டதே அந்தக் குறை இரத்தத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான். டிஎன்எஃப் சோதனைகளில் பெரும்பாலும் அப்படி அளக்கவில்லை. உயிர் காக்குமா என்று சொல்ல 27 பேர் போதாது. ஆனால் எலியில் கண்டதை முதலில் நோயாளியின் திசுவில் சரிபார்த்து, அதற்குப் பிறகே மருந்தை ஏற்றிய வரிசை இதில் இருக்கிறது.